மூக்கு நீளமா இருந்தா நல்ல ரயிலா?

ஷின்கான்சென்னு பேச்சை எடுத்தா போதும், 500 சீரிஸ் ரசிகர் மன்றம் கொடி பிடிச்சிட்டு வந்துடும். மீன்கொத்தி மூக்கு, போர் விமானம் மாதிரி உடம்பு, மணிக்கு 300 கிலோமீட்டர்... "இதுக்கப்புறம் ஜப்பான்காரன் நல்ல ரயிலே செய்யலை"ன்னு சத்தியம் பண்ணுவாங்க. அழகுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நல்ல ரயில்னு சொன்னா சண்டைக்கு வருவேன் :-)

முதல்ல அதுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடலாம். 1997 மார்ச்சில் ஷின்-ஓசகா – ஹகாதா இடையே ஓட ஆரம்பிச்சது. ஜப்பானில் பயணிகளோட 300 கி.மீ. வேகத்தைத் தொட்ட முதல் வண்டி. அந்த சான்யோ பாதையில் சுரங்கங்கள் ஜாஸ்தி. வேகமா நுழையுற ரயில் காத்தை அமுக்கித் தள்ள, சுரங்கத்தோட அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும். அதை அடக்கத்தான் 15 மீட்டர் மூக்கு. பறவைகளைக் கவனிக்கிற பழக்கமுள்ள பொறியாளர் நகாட்சு எய்ஜி மீன்கொத்தியிடம் கத்துக்கிட்ட பாடம். சபாஷ்!

ஆனா அந்த மூக்குக்கு விலை கொடுத்தது யாரு? உள்ளே உட்கார்ந்தவர்தான். முதல் பெட்டியில் 700 சீரிஸில் 65 சீட்டு, 500ல் 53. ஓட்டுநர் பக்கம் பயணிகளுக்குக் கதவே கிடையாது. குறைஞ்ச சீட்டை ஈடுகட்ட மத்த பெட்டிகளில் சீட்டு இடைவெளியை 104 செ.மீ.யிலிருந்து 102 ஆக்கினாங்க. உருண்டை உடம்பால ஜன்னலோரம் தலைக்கு மேலே இடுக்கம் வேற.

அடுத்தது டோக்கியோ – ஷின்-ஓசகா, 515 கி.மீ. 1964ல் திறந்த பாதை. 2500 மீட்டர் ஆரமுள்ள வளைவுகள் நிறைய. அங்கே 500 சீரிஸும் 270க்கு மேலே போகலை. அதைவிடப் பெரிய தலைவலி, 300, 700 ரெண்டு சீரிஸிலும் 16 பெட்டிக்கு 1323 சீட்டு, ஒரே வரிசை. ஒண்ணு பழுதானா இன்னொண்ணை விடலாம், முன்பதிவு செஞ்சவர் டிக்கெட்டில் இருக்கிற நம்பரிலேயே உட்காரலாம். 500ல் 1324 சீட்டு, வரிசையே வேற. ஒரு சீட்டு அதிகம்தானேன்னு கேட்காதீங்க. அவசரத்துக்கு மாத்தி விட முடியாத வண்டி அது.

இப்போ எல்லாரும் கேலி பண்ற 700க்கு வருவோம். 1999ல் வந்த வாத்து மூக்குக்காரன், வேகம் 285தான். ஆனா 500 கட்டினது மொத்தம் 9 ரயில், 700 கட்டினது 91! 2007ல் அதோட வாரிசு என்700 வந்தது. வளைவில் ஒரே ஒரு டிகிரி சாயும். அவ்ளோதான். முந்தைய வண்டிகள் 255ல் திரும்பின வளைவை இது 270ல் திரும்பிடுச்சு. சான்யோவில் அதே 300 கி.மீ. மூக்கு 10.7 மீட்டர்தான், சீட்டு பழையபடி 1323. அப்புறம் 500க்கு என்ன வேலை? 2010 பிப்ரவரியில் நோசொமி சேவையிலிருந்து இறக்கிட்டாங்க. ஒன்பதில் எட்டை 8 பெட்டியா சுருக்கி, எல்லா ஸ்டேஷனிலும் நிக்கிற கொதாமா ஆக்கினாங்க.

2020 மார்ச்சில் டோக்கியோ – ஷின்-ஓசகா பாதையிலிருந்து 700ம் விடைபெற்றது. எல்லாமே என்700 குடும்பம், எல்லாமே 285. பலன்? மணிக்கு அதிகபட்சம் 10 நோசொமின்னு இருந்தது 12 ஆச்சு. அதே ஜூலையில் வந்த என்700எஸ், மின்சாரம் போனாலும் பேட்டரியில் மெல்ல நகர்ந்து பாலத்தையோ சுரங்கத்தையோ தாண்டி நிக்கும். இதையெல்லாம் யாராவது போஸ்டர் போட்டு ஒட்டினாங்களா?

மும்பை – அகமதாபாத் ரயிலைப் பத்தியும் நம்மாளுங்க கேட்கிற முதல் கேள்வி "டாப் ஸ்பீடு எவ்ளோ?"தான். மணிக்கு எத்தனை வண்டி, ஒண்ணு நின்னா இன்னொண்ணு வருமா, என் சீட்டு எனக்கு இருக்குமான்னு கேளுங்கய்யா. வேடிக்கை பார்க்கறவனுக்கு 500 போதும். தினம் வேலைக்குப் போறவனுக்கு அந்த வாத்து மூக்குதான் தெய்வம்.