கட்டுப்பாட்டை இழந்தது காரா?

"மழையில் கட்டுப்பாட்டை இழந்த கார், தடுப்புச் சுவரில் மோதியது." ஐப்பசி பிறந்தால் போதும், நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்துவிடும். ஊர் மாறும், இறந்தவர்களின் எண்ணிக்கை மாறும். வாக்கியம் மட்டும் மாறாது.

கொஞ்சம் இலக்கணமாகப் பாருங்கள். இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? கார்! ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரைக் காணோம். வழுக்கை டயரோடு வண்டியைக் கொடுத்து அனுப்பிய முதலாளியைக் காணோம். தண்ணீர் வடிய வழி விடாமல் ரோடு போட்டவரையும் காணோம். ஒரு டன் இரும்புக்குத் திடீரென்று புத்தி பேதலித்து, அதுவாகவே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது போலிருக்கிறது. கூட மழையும் சாட்சிக்கு நிற்கிறது. கேஸ் முடிந்தது.

இது ஒரு பொய். சின்னப் பொய் கூட இல்லை, ஆளைக் கொல்லும் பொய்.

முதலில் மழையை விடுதலை செய்வோம். வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி அல்ல. அக்டோபரில் வரும், டிசம்பர் வரை இருக்கும். சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த இந்த விஷயம், டிரைவருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மட்டும் வருடா வருடம் "எதிர்பாராத" விஷயமாகிவிடுகிறது!

இனி டயர். ஒரு கார் டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். மொத்த வண்டியும் உள்ளே இருக்கும் குடும்பமும் நாலு உள்ளங்கையில் தொங்குகிறது. டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்கு இல்லை. அடியில் மாட்டும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான் அவை. பள்ளம் தேய்ந்திருந்தாலோ, வேகம் கூடினாலோ, தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காது. அது டயருக்கு முன்னால் ஆப்பு மாதிரிச் சொருகிக்கொண்டு டயரையே தூக்கிவிடும். அந்த நொடியில் வண்டி ரோட்டில் ஓடவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகும். திருப்பினால் திரும்பாது, பிரேக் அடித்தால் நிற்காது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துச் சோதித்து இதற்கு ஒரு சூத்திரமே எழுதிவிட்டார்கள். அதன்படி, தண்ணீர் தேங்கிய பாதையில் 30 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் சுமார் 91 கி.மீ. வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும். காற்று 20 பிஎஸ்ஐ ஆக இறங்கினால் சுமார் 75 கி.மீ.யிலேயே மிதக்கும். கார் டயருக்கு இது தோராயக் கணக்குதான் என்றாலும், பெட்ரோல் பங்கில் இலவசமாகக் காற்றடிக்க இரண்டு நிமிஷம் நிற்காதவருக்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

வண்டி மிதக்காவிட்டாலும் கதை அவ்வளவு சுகமில்லை. காய்ந்த தார் ரோட்டில் 100 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் சுமார் 50 மீட்டரில் வண்டி நிற்கும். ஈரமான ரோட்டில் பிடிமானம் பாதியாகக் குறைந்தால் அதே வண்டிக்கு சுமார் 100 மீட்டர் வேண்டும். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 28 மீட்டர் தனிக் கணக்கு. அதே ஈர ரோட்டில் 60 கி.மீ. வேகம் என்றால்? சுமார் 35 மீட்டர் போதும். அதாவது மழையில் 60ல் போகிறவர், வெயிலில் 100ல் போகிறவரை விடச் சீக்கிரம் நிற்கிறார். மழையின் கொடுமையை முழுசாக ஈடுகட்டும் கருவி வலது காலிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை.

"நம்ம வண்டியில ஏபிஎஸ் இருக்கு சார்." இருக்கட்டும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பிரேக் அடித்தபடியே வண்டியைத் திருப்ப உதவும். ஆனால் இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. "ஃபோர் வீல் டிரைவ் வண்டி" என்பார் இன்னொருவர். அது சேற்றிலிருந்து கிளம்ப உதவும். நிற்கும் விஷயத்தில் அவர் வண்டிக்கும் பக்கத்து வீட்டு ஆல்டோவுக்கும் சக்கரம் நாலுதான்.

மூன்றாவது சாக்குதான் மோசமானது: "இருபது வருஷமா ஓட்டுறேன்." நார்வே நாட்டில் 1970களின் கடைசியில், வழுக்கும் பாதையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியை ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆய்ந்து பார்த்ததில் விபத்து குறைந்தபாடில்லை. காரணம் எளிது. வழுக்கினால் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை வந்தவன், வழுக்கும் வேகத்திலேயே போவான். திறமை இருக்கிறது என்ற நினைப்பு திறமையின்மையை விட ஆபத்தானது.

உடனே, "பழியை எல்லாம் டிரைவர் தலையில் கட்டுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டக் கூடாது.

தண்ணீர் வடிய ரோட்டுக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவு வேண்டும் என்பது பொறியியல் மாணவர்கள் பரீட்சையில் எழுதும் பதில். ஆனால் பழைய தாருக்கு மேல் புதுத் தார் ஊற்றி ஊற்றி அந்தச் சரிவு காணாமல் போகிறது. வளைவில் ஒரு பக்கம் உயர்த்திப் போட்ட நாலுவழிச் சாலையில், தண்ணீர் நடுத் தடுப்பை நோக்கி ஓடிவருகிறது. அங்கே வடிகால் இல்லையென்றால் வேகமாகப் போகிறவர்களின் பாதையிலேயே குளம் கட்டுகிறது. சுங்கக் கட்டணம் மட்டும் மழை நாளிலும் முழுசாக வசூலாகிறது!

பிரான்சில் மோட்டார்வே வேக வரம்பு 130 கி.மீ. மழை பெய்தால் அதே சாலையில் 110. சட்டமே அப்படி. நம்மூரில் எக்ஸ்பிரஸ்வேயில் கார்களுக்கு 120 வரை போகலாம் என்று 2018ல் அறிவித்தவர்கள், மழைக்கென்று தனி எண் எதையும் அதில் எழுதவில்லை. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். தரம் குறைந்த சாலையால் உயிர் போனால், அதைக் கட்டியவருக்கும் பராமரிப்பவருக்கும் அபராதம் உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய்! அதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் போலீஸ் அறிக்கையில் ரோடு குற்றவாளியாக வர வேண்டும். "கார் கட்டுப்பாட்டை இழந்தது" என்று எழுதி முடித்தால் ரோடு எங்கே வரும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டுக் கணக்கில் பத்தில் ஏழு சாவுக்குக் காரணம் அதிவேகம். விபத்துகளில் பெரும்பாலானவை வானம் தெளிவாக இருந்தபோது நடந்தவை. அதாவது மழை புதிதாக எந்தக் குற்றத்தையும் செய்வதில்லை. வெயிலில் அதிர்ஷ்டத்தால் தப்பித்துக்கொண்டிருக்கும் வேகத்தை, மழை ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறது. மாட்டிக்கொண்டு சாவது பல நேரம் ஓட்டியவர் கூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் குடை பிடித்து நின்றவர்.

செய்ய வேண்டியதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன கார் டயர் சட்டப்படியே செல்லாது, மாற்ற வேண்டும். மழை ஆரம்பித்த முதல் சில நிமிஷங்களில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ரோடு வழுக்கும், அப்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி மிதப்பது தெரிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். செய்தி எழுதுகிறவர்கள் எழுவாயை மாற்ற வேண்டும். "டயர் தேய்ந்த காரை மழையில் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டியவர், தண்ணீர் தேங்கவிடப்பட்ட வளைவில் இரண்டு பேரைக் கொன்றார்" என்று ஒரே ஒரு நாள் அச்சடித்துப் பார்க்கட்டும். டிரைவருக்கும் உறைக்கும், ரோடு போட்டவருக்கும் உறைக்கும்.

காருக்குக் கட்டுப்பாடு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. இல்லாததை அது எப்படி இழக்கும்?