இப்பன்கட்டுவைக் கல்லறைகள் யாருடையவை?

மாத்தளையிலிருந்து வடக்கே பயணம் செய்வோர் தம்புள்ளையை அடைந்ததும் குகைக் கோயிலைக் கண்டு களித்துவிட்டுச் சீகிரியாவுக்கு விரைவது வழக்கம். குருணாகல் வீதியால் சிறிது தொலைவு சென்று, இப்பன்கட்டுவைக் குளத்தருகே இறங்கிப் பார்ப்போர் மிகச் சிலரே. அங்கே ஓவியமும் இல்லை, சிற்பமும் இல்லை. நிலத்திலே செங்குத்தாகப் பதித்த கற்பலகைகளும் அவற்றை மூடிய பெருங்கற்களுமே உள்ளன. ஆயினும், தம்புள்ளைக் குகைகளில் முதல் வண்ணம் தீட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கற்கள் இங்கே நாட்டப்பட்டுவிட்டன.

சென்ற விடுமுறையில் நானும் ஆசிரியர்களான நண்பர் இருவரும் அங்கே சென்றிருந்தோம். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். திரும்பும் வழியில், நாலந்தாவை அடையும்வரை இருவருக்கும் ஓயாத வாதம். “தாழியில் அடக்கம் செய்வது நம் வழக்கமல்லவா? ஆகவே இது தமிழர் இடுகாடு” என்றார் ஒருவர். “எங்கள் முன்னோர் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு இதுவே சான்று” என்றார் மற்றவர். இறுதியில் இருவரும் என்னை நடுவராக்கினர். அன்று மௌனம் சாதித்தேன். என் எண்ணத்தை இன்று எழுதுகிறேன், இருவரும் பொறுத்தருள்வார்களாக.

முதலில் செய்தியைக் கூறுவோம். இவ்விடம் 1970 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 1980களில் இலங்கைத் தொல்லியலாளரும் ஜேர்மன் தொல்லியலாளரும் இணைந்து இங்கே அகழ்ந்தனர். 2015 இலும் அகழ்வு நடைபெற்றது. நான்கு புறமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடுவது இக்கல்லறைகளின் அமைப்பு. இதனைத் தமிழில் கற்பதுக்கை என்பர். உள்ளே தாழிகள், தாழிகளில் எரியூட்டிய உடலின் சாம்பலும் எலும்பும். அருகே மட்கலங்கள், இரும்புப் பொருள்கள், மணிமாலைகள். காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 400 வரை என்பது ஆய்வாளர் கருத்து.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? தக்காணம் முதல் குமரி வரை இதனையொத்த பெருங்கற் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் தீவின் மேற்குக் கரையில், புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் உள்ள தாழிகள் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை நினைவூட்டுகின்றன. இப்பன்கட்டுவை மாலைகளில் கோத்த சூதுபவள மணிகளோ இலங்கையில் இயற்கையாகக் கிடைப்பன அல்ல. ஆகவே கடலின் இருகரைக்கும் அக்காலத்திலேயே கொள்வினை இருந்தது என்பதில் ஐயமில்லை. இதுவரை என் தமிழ் நண்பர் மகிழலாம்.

ஆனால் வழக்கம் வேறு, இனம் வேறு. மணிமேகலை காட்டும் புகார் நகரத்துச் சுடுகாட்டில் எரிப்போரும், இடுவோரும், குழியில் புதைப்போரும், தாழியால் மூடுவோரும் ஒருங்கே காணப்படுகின்றனர். ஓர் ஊரிலேயே ஐவகை அடக்கம் என்றால், தாழியைக் கண்ட மாத்திரத்தே அதற்குரியவரின் மொழியை எவ்வாறு துணிவது? தமிழகத்துக் கிராமத்தாரைக் கேட்டால், இத்தகைய கற்களைப் பாண்டவர் குழி என்பார்கள். தம் முன்னோருடையது என்ற நினைவே அவர்களிடம் அற்றுப்போயிற்று! விசயன் வந்ததாக மரபு கூறும் ஆறாம் நூற்றாண்டோ இக்கல்லறைகளின் காலத்துக்குள்ளேயே அடங்குகிறது. இதனால் என் சிங்கள நண்பரின் வழக்கும் நிலைபெறவில்லை. இக்கல்லறைகளில் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. தமிழர், சிங்களவர் என்னும் இன்றைய பெயர்களை அவர்கள்மீது சுமத்துவது, இறந்தவர் கையைப் பிடித்து நாம் எழுதிய பத்திரத்தில் ஒப்பமிடச் செய்வது போன்றதே.

யாருடையது என்னும் கூச்சலில், எதற்காக என்னும் கேள்வி அமிழ்ந்துவிடுகிறது. எரித்த பின் எஞ்சுவது ஒரு பிடி சாம்பல். அதனை ஆற்றில் கரைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்களோ பாறையைப் பிளந்தனர். பலர் கூடிச் சுமந்தனர். கடல் கடந்து வந்த மணிகளை, உயிரோடிருந்த மகளின் கழுத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளாது, சாம்பலோடு வைத்து மூடினர். இறந்தவர்க்கு இன்னும் ஒரு வீடு வேண்டும், அது நம்மருகே இருத்தல் வேண்டும் என்று கருதினாலன்றி எவரும் இவ்வாறு செய்யார். பிற்காலத்துப் புறநானூற்றில், கணவனை இழந்த ஒருத்தி தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகத் தாழி வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். பிரிய மனமில்லாத அவ்வுள்ளமே இக்கற்களுக்கும் மூலம் என்பது என் துணிபு.

இதனை எழுதும்போது அதே பாதையில் நடந்த வேறு சிலர் நினைவுக்கு வருகின்றனர். கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் 1830களுக்குப் பின் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். உடன் வந்தோர் நின்று அழவும் நேரமின்றி நடந்தனர். மடிந்தோர்க்குத் தாழி ஏது, மூடுகல் ஏது? இப்பன்கட்டுவைக்கு உரிமை கொண்டாடிய என் நண்பரின் கொள்ளுப்பாட்டனார் அவ்வழியே வந்தவர். உடன் புறப்பட்ட தமையனாரை வழியில் இழந்தவர். எவ்விடத்தில் என்று அக்குடும்பத்தில் எவருக்கும் தெரியாது.

2023 ஆம் ஆண்டு, அம்மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தனர். என் நண்பரும் தம்புள்ளையில் அவர்களோடு சேர்ந்துகொண்டாராம். கல்லறைகளைப் பற்றி அத்தனை உரக்க வாதிட்டவர், இதனை மட்டும் மாத்தளையில் பேருந்தைவிட்டு இறங்கும்போதுதான், தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்.