காசு இல்லாம தோக்கல

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் டீக்கடையில இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரே புலம்பல்: “சிஎஸ்கே காசை இறக்கல, அதான் 2025-ல தோத்தோம்.”

தப்பு மக்களே. பத்து அணிக்கும் ஒரே வரம்பு, 120 கோடி. அதுல ஆர்சிபி 11 மேட்ச் ஜெயிச்சு கப் தூக்குச்சு. நாம 14-ல 4. ஒரு வெற்றிக்கு ஏறக்குறைய 30 கோடி!

பன்ட்டுக்கு லக்னோ கொடுத்தது 27 கோடி. அடிச்சது 269 ரன். ரன்னுக்கு 10 லட்சம். சீசன் நடுவுல நாம 30 லட்சத்துக்குக் கூட்டிட்டு வந்த ஆயுஷ் மாத்ரே, 7 மேட்ச்ல 240.

விலை ஒசந்த ஆன்டிபயாடிக்தான் கேக்கும்னு வார்டுல அடம்பிடிக்கிறவங்கதான் ஞாபகம் வர்றாங்க. கிருமி பில்லைப் பாக்காது சார்.

திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் மூணு பேருக்கு 6.3 கோடி. யார் எழுதின பிரிஸ்கிரிப்ஷன்? அதைக் கேளுங்க.