மேகத்தை அறிந்தோர் காலத்தை அறியாரோ?

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் மக்கள் கூட்டத்தைக் கடிந்துகொள்ளும் பகுதி ஒன்று உண்டு. எத்திசையில் மேகம் எழுந்தால் மழை வரும், எத்திசையில் காற்று வீசினால் வெப்பம் மிகும் என்று கணிக்கத் தெரிந்தவர்களுக்குத் தாங்கள் வாழும் காலத்தை மட்டும் ஆராயத் தெரியாமற் போனது ஏன் என்று அவர் வினவுகிறார். வெளிவேடக்காரர் என்னும் கடுஞ்சொல்லையும் தயங்காமல் வழங்குகிறார். அவர் கடிந்தது அறியாமையை அன்று; அறிந்தும் அறியாதவர்போல் இருப்பதை.

அக்கடிந்துரை இன்று நமக்குப் பொருந்துகிறது. வானத்தைக் கணிக்க நம்மிடம் செயற்கைக்கோள்கள் உள்ளன. நாளை மாலை மழை உண்டா என்பதைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 பாகை சூடேறியது என்று நம் நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகமே 2020இல் எழுதியது. செய்திகளுக்குக் குறைவில்லை. ஆனால் அச்செய்திகளை நாம் எவ்வாறு வாசிக்கிறோம்? உருகும் பனிப்பாறையின் படத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம். பக்கத்தைத் திருப்பித் தங்கத்தின் விலையைப் பார்க்கிறோம்.

ஒக்கி கற்பித்தது என்ன?

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளை நம் கடற்கரை மறக்கவில்லை. குமரிமுனைக்கு மிக அருகே உருவாகி, ஒரே நாளில் வலுப்பெற்ற ஒக்கிப் புயல், ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் நம் மக்களைச் சூழ்ந்துகொண்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களில் ஒரே தெருவில் பல வீடுகள் ஆண்துணை இழந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தோரும் காணாமற் போனோரும் நூற்றுக்கணக்கானோர். பலருடைய உடல்கள் திரும்பி வரவே இல்லை. கல்லறை இல்லாத இறந்தோருக்காக இன்றும் நவம்பர் மாதத்தில் மெழுகுதிரி ஏற்றும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் யார்? கடல் சூடானதால் அரபிக் கடலில் புயல்கள் மிகுந்து வருகின்றன. அவை விரைவில் வலுப்பெறுகின்றன. இது அறிவியல். காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏந்தும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகையால் பெய்யும் மழையும் பேய்மழையாகிறது. இதுவும் அறிவியல். ஆனால் புயல் என்னும் எச்சரிக்கை வந்தபோது படகுகள் தொலைகடலில் இருந்தன என்பதும், அங்கிருந்தவர்களுக்கு அச்செய்தியைச் சேர்க்கக் கருவிகள் இல்லை என்பதும், தேடுதல் பணி காலத்தே விரிவாகவில்லை என்று மக்கள் குமுறினார்கள் என்பதும் அறிவியலின்பாற் பட்டவை அல்ல. அவை ஆட்சியின்பாற் பட்டவை. அதனாலன்றோ அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மீது அமர்ந்தார்கள்? அவர்கள் வானத்தோடு வழக்காடவில்லை, மனிதரோடு வழக்காடினார்கள்.

வசதியான குற்றவாளி

இங்கேதான் நம் காலத்தின் புதிய தந்திரம் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். முன்பெல்லாம் காலநிலை மாற்றம் என்பதே பொய் என்றார்கள். இப்போது அப்படிச் சொல்வோர் அரிது. மாறாக, எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்குகிறார்கள். ஊர் மூழ்கினால் காலநிலை மாற்றம். கரை இடிந்தால் காலநிலை மாற்றம். ஏரி உடைந்தால் காலநிலை மாற்றம். முகமில்லாத, கைவிலங்கு இட முடியாத, தேர்தலில் தோற்கடிக்க முடியாத ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான்! அவனைக் கூண்டில் நிறுத்திவிட்டு மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது பெருமழையினால் மட்டுமா? செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திறந்துவிடப்பட்ட முறையை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே குறைகூறி, அது மனிதர் வரவழைத்த பேரிடர் என்றது. வெள்ளத்தை உறிஞ்ச வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மீது குப்பை மேடும் கட்டடங்களும் எழுந்தன; எஞ்சிய சிறுபகுதியே 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே சிக்கியதும் இயற்கையின் சீற்றம்தான். எந்தக் கால்வாயும் அம்மழையை முழுவதும் தாங்கியிருக்காது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அடைபட்ட கால்வாய்க்கும் தூர் வாராத குளத்துக்கும் காலநிலைமீது பழிபோட முடியுமா?

உண்மையைத் துல்லியமாகப் பேசுவது அறநெறியின் முதற்கடமை. 'கள்ளக்கடல்' என்று நம் மீனவர் வழங்கும் சொல்லை எண்ணிப் பாருங்கள். காற்றுமில்லை, மழையுமில்லை; திடீரெனக் கடல் ஏறி வரும். தொலைவில் தென்கடலில் எழும் பேரலைகளின் விளைவு அது. மீனவர் வாயிலிருந்த அச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியற் சொல்லாகவே ஏற்றது. கள்ளக்கடல் வெப்பமயமாதலுக்கு முன்பும் இருந்தது. அதை முழுவதும் வெப்பத்தின்மேல் ஏற்றுவது பிழை. ஆனால் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை உலக அளவில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்ட நிலையில், அதே கள்ளக்கடல் முன்னைவிட உள்ளே வரும். எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிவதே விவேகம். பிரித்தறிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

நாபோத்தின்மீது சுமத்திய பழி

அவ்வாறு கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. சதுப்பு நிலத்தை அளப்பவர்கள், ஆற்று மணலுக்காக வழக்காடுபவர்கள், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது படகோடு சென்று உலகுக்குக் காட்டியவர்கள், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் பரப்பில் கனிம மணல் அகழும் திட்டத்தை எதிர்த்துக் கடலோர ஊர்களில் கூடியவர்கள். இவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? வளர்ச்சிக்குப் பகைவர், வெளிநாட்டுப் பணத்துக்கு ஆடுபவர், வேலையற்றவர். இப்பெயர்களைச் சூட்டுவோரில் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குவோரும் இருக்கிறார்கள் என்பதே வேதனை.

அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அரசனுக்கு வேண்டியிருந்தது. மூதாதையர் நிலத்தை விற்க அவன் மறுத்தான். அரசி என்ன செய்தாள்? வாளை எடுக்கவில்லை, முத்திரையிட்ட மடல்களை எடுத்தாள். கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று பொய்ச்சாட்சி நிறுத்தினாள். சட்டத்தின் வழியாகவே நாபோத் கல்லால் எறியப்பட்டான். நிலத்தைப் பறிக்குமுன் நல்ல பெயரைப் பறிப்பது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத முறை. அக்கல்லெறியில் நம் கையிலும் ஒரு கல் உண்டா என்பதே கேள்வி.

அண்டைக் கேரளத்தில் நடந்ததை நாம் அறிவோம். விழிஞ்ஞம் துறைமுகப் பணியால் கரை அரிப்பு மிகுகிறது என்று கூறி, 2022இல் திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர் நூறு நாட்களுக்கும் மேலாகப் போராடினர். வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் தானியக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தன. போராட்டத்தின் இறுதியில் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அவ்வன்முறையை எவரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆயினும் பேராயர்மீதே வழக்குப் பதிந்தார்கள். துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அரிப்புக்குத் துறைமுகம் எவ்வளவு காரணம், புயலும் கடலேற்றமும் எவ்வளவு காரணம் என்று அறிஞர்கள் வாதிடலாம். வீட்டை இழந்தவன் அவ்வாதம் முடியும்வரை எங்கே உறங்குவான்?

வளர்ச்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஏழைக்கு மின்விளக்கும் வேலையும் வேண்டும். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரிவளி ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவது அதைப்போல் ஏழு மடங்கு. கட்டுமரத்தில் செல்பவனின் பங்கு இவற்றோடு ஒப்பிடக்கூட இயலாதது. உலகைச் சூடாக்கியதில் அவனுக்குப் பங்கில்லை. அதன் தண்டனையில் மட்டும் முதற்பங்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவ்தாத்தோ சி' மடலிலும் 2023இல் 'லவ்தாத்தே தேயும்' மடலிலும் வலியுறுத்தியது இதுவே: பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் வேறு வேறல்ல. இது அவருடைய புதுமையும் அன்று. 1990 புத்தாண்டு நாளின் அமைதிச் செய்தியில் இரண்டாம் யோவான் பவுல் படைப்போடு சமாதானம் கொள்ளும்படி அழைத்தார். எனவே இதை அரசியல் என்று ஒதுக்குவோர் திருச்சபையின் போதனையையே ஒதுக்குகிறார்கள்.

தூண்டில் வளைவும் பங்கு எல்லையும்

பிறரைக் குறைகூறிய நாம் நம் கரையையும் நோக்குவோம். கடல் ஊருக்குள் வரும்போது எழும் முதற்கோரிக்கை தூண்டில் வளைவு. அச்சத்தில் எழும் அக்கோரிக்கையை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் கரையோர மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. நீரோட்டத்தோடு நடந்துகொண்டே இருப்பது. கல்லைக் கொட்டி அதை ஓர் ஊரில் தடுத்தால் இவ்வூருக்கு மணல் சேரும். அடுத்த ஊரின் கரை பட்டினியாகும். பின்பு அவ்வூரும் கல் கேட்கும். அதற்கடுத்த ஊர் இடியும். இவ்வாறு கடற்கரை முழுவதும் கல்லாகிறது. அக்கல்லுக்காக மேற்கே மலைகள் உடைகின்றன. மலை உடைந்தால் மழைநீர் தங்க இடமில்லை. பயன் அடைபவர் ஒப்பந்தக்காரர் ஒருவரே.

'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?' என்று காயின் கேட்டான். இன்று பங்கும் பங்கும் அதையே கேட்கின்றன. கடலுக்குப் பங்கு எல்லை தெரியாது. கரை முழுமைக்கும் ஒரே ஆய்வு, ஒரே திட்டம், இடம்பெயர வேண்டிய குடும்பங்களுக்குக் கடலருகிலேயே மாற்று நிலம் என்று மறைவட்டம் முழுவதும் ஒன்றுகூடிக் கேட்டால் அரசு செவிசாய்த்தே தீரும். தனித்தனியே கேட்டால் தனித்தனியே கல் கிடைக்கும், அவ்வளவே.

மரக்கன்றோடு முடிந்துவிடுமா?

படைப்பின் காலம் என்று செப்டம்பர் முதல் நாளிலிருந்து அக்டோபர் 4 வரை கொண்டாடுகிறோம். மரக்கன்று நட்டு நிழற்படம் எடுக்கிறோம். நல்லது. ஆனால் நெகிழிப் பதாகையில் அவ்விழாவை அறிவித்து, முற்றம் முழுவதும் சிமெண்டுக் கல் பாவி, நீர் இறங்க ஒரு சாண் மண்ணும் விடாத வளாகத்தில் தொட்டிக்குள் ஒரு கன்றை நடுவது எத்தகைய வழிபாடு?

செய்யத்தக்கவை பல உள. பெருந்திட்டம் ஒன்று வருமுன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும், 30 நாள் முன்னறிவிப்போடு பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை. அவ்வறிக்கையை அன்பியக் கூட்டத்தில் வாசிக்கத் தடையென்ன? கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் நம் கல்லறைத் தோட்டமும் வலை உலர்த்தும் இடமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பங்குப்பேரவை பார்த்ததுண்டா? மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடம் எழுப்பத் தடையிருந்த 200 மீட்டரை, 2019இன் அறிவிக்கை 50 மீட்டராகக் குறைக்க வழிசெய்தது. கடல் மேலே ஏறுகிறது. சட்டத்தின் வேலி கடலை நோக்கி இறங்குகிறது! நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? கிராம சபையில் எழுந்து இதைக் கேட்பதும் செபமே. அந்தச் செபத்துக்கு முழந்தாளிட வேண்டியதில்லை; எழுந்து நின்றால் போதும்.

ஆதாமை ஏதேனில் வைத்த ஆண்டவர் அத்தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. பண்படுத்துவதில் நாம் குறை வைக்கவில்லை. காப்பதைத்தான் வேறொருவருக்கு விட்டுவிட்டோம். அவ்வாறு காக்க முன்வந்த சிலரைத் தனியே விடுவதும், பிறகு அவர்கள் தோற்றதும் 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்று கைகழுவுவதும் பிலாத்துவின் வழி. தண்ணீர் அவனுக்கும் கிடைத்தது, கை தூய்மையாகவில்லை.

அடுத்த மழைக்காலத்து மேகம் கடல்மேல் கூடும்போது, அது என்ன கொண்டுவரும் என்பதை வானிலை நிலையம் சொல்லும். அதற்குள் நம் ஊர்க் கால்வாய் திறந்திருக்கிறதா, நம் படகுகளில் தொலைத்தொடர்புக் கருவி இருக்கிறதா, நமக்காகப் பேசியவர்கள் நம்மோடு இருக்கிறார்களா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.