ஒல்லிக் காலுக்கும் ஒரு ஷூ வேண்டும்

"செருப்புக்கேற்றபடி காலை வெட்டுவார்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. இவ்வாண்டு சிரிக்கவில்லை. விளையாட்டு விழா அணிவகுப்பில் எங்கள் அணியின் முன்வரிசையில் நடந்த ஒருத்தியின் வலக்கால் ஷூ கழன்று மைதானத்திலேயே தங்கிவிட்டது. பாண்டு வாத்தியம் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெள்ளைக் காலுறையுமாகக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டே திரும்பினாள். "கவனமாகப் போட்டுக்கொண்டு வரக்கூடாதா?" என்று கேட்டவர்கள் பலர். அவள் கவனமாகத்தான் போட்டிருந்தாள். வாரை இழுத்துக் கடைசித் துளையில் மாட்டியிருந்தாள். அந்த ஷூ அவள் காலுக்கு உரியதன்று, அவ்வளவுதான்.

அவளைப் போன்ற ஒல்லிப் பாதக்காரிகள் எங்கள் வகுப்பில் நால்வர். பள்ளி திறக்குமுன் கே.கே. நகரில் கடை கடையாக ஏறி இறங்கியும் அமையாமல், அசோக் பில்லர் தாண்டிப் பாண்டி பஜார் வரை போய் வந்தவர்கள். எந்தக் கடையிலும் கேள்வி ஒன்றே: "எத்தனாம் நம்பர், பாப்பா?" நாலாம் நம்பர் போட்டால் நீளம் சரியாயிருக்கும், குதிகால் மட்டும் ஏறி இறங்கும். மூன்றாம் நம்பர் பிடிப்பாயிருக்கும், விரல்கள் மடங்கும். "தோல்தானேம்மா, போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்பார் கடைக்காரர். விட்டுக்கொடுப்பது அகலத்தில்தானே தவிர நீளத்தில் அன்று. நாலாம் நம்பருக்கோ, "முன்னாலே கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கோ" என்ற யோசனை. சென்னை வியர்வையில் அந்தப் பஞ்சு ஒரே வாரத்தில் களிமண் உருண்டையாகிவிடும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வந்து சேரும் பெட்டிகளின் மேல் நம்பர்தான் இருக்கிறது, அகலம் இல்லை.

'ஷூ கடிக்கிறது' என்று தமிழில் எவ்வளவு பொருத்தமாகச் சொல்கிறோம்! இறுகிய ஷூதான் கடிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். தளர்ந்த ஷூவும் கடிக்கும். அடிக்கு ஒரு முறை குதிகால் உரசி, இரண்டே நாளில் கொப்புளம் போட்டுவிடும். போதாக்குறைக்கு, ஷூ கழலாதிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடியே நடப்பதால் மாலையில் கெண்டைக்கால் வேறு வலிக்கும்.

இந்த நம்பர் என்பதுதான் என்ன? நம் கடைகளில் பெரிதும் வழங்குவது ஆங்கிலேயர் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு பார்லி மணியின் நீளம் என்று பழைய நாளில் வைத்த கணக்கு அது. முழுக்க முழுக்க நீளத்தின் கணக்கு! அகலத்தையோ, ஷூ தைப்பதற்கான கட்டை அச்சைச் செய்தவரே நமக்காக முடிவு செய்துவிடுகிறார். அமெரிக்காவில் 1920களிலேயே சார்லஸ் பிரானக் என்பவர், காலை வைத்தால் நீளம், அகலம் இரண்டையும் காட்டும் உலோகக் கருவி ஒன்றை அமைத்தார். அங்கே நம்பரோடு ஓர் எழுத்தும் உண்டு. பெண்களுக்கு 'பி' என்பது நடுத்தரம், 'டி' அகலம், 'ஏஏ' ஒல்லி. நம் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைத்த ஷூக்கள் கப்பலேறி அயல்நாட்டுக் கால்களைத் தேடிப் போவதை நினைத்தால் சற்றே பெருமூச்சு வருகிறது.

நம் நாட்டில் யாருமே அளக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தார்கள். பொதுவாக இந்தியரின் பாதம் மேல்நாட்டாரின் பாதத்தைவிட அகலமானது என்று அதில் தெரிந்தது. அகலம் போதாமல் பலர் நீளமான ஷூவை வாங்கி, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமாளிக்கிறார்களாம். இதையொட்டி, பாரதம் என்பதன் முதலெழுத்தால் 'பா' என்று பெயரிட்ட புதிய அளவுமுறையை முன்மொழிந்திருப்பதாக 2024-ல் செய்தி வந்தது. அதனால் நூற்றுக்கு 85 பேருக்குப் பொருத்தமான காலணி கிடைக்கும் என்றும் படித்தோம்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அச்சு இன்னும் அகன்றால் எங்கள் கால் அண்டாவில் போட்ட கரண்டி போலத்தான் ஆடும். மீதிப் பதினைந்து பேரில்தான் நாங்கள் நிற்கிறோம் என்று தோன்றுகிறது. அகலப் பாதக்காரி நம்பரைக் கூட்டி வாங்குகிறாள், ஒல்லிப் பாதக்காரி குறைத்து வாங்குகிறாள். இருவரும் தவறான நம்பரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்! அவர்களோடு எங்களுக்குப் போட்டியில்லை. ஒவ்வொரு நம்பரும் இரண்டு மூன்று அகலங்களில் கிடைத்தால் இரு சாராரும் பிழைப்போம்.

அதே ஆய்வில் பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. சராசரி இந்தியப் பெண்ணின் பாத வளர்ச்சி 11 வயதிலேயே உச்சத்தை எட்டிவிடுகிறதாம், ஆணுக்கு 15, 16 வயதில். "வளர்ற பொண்ணு, ஒரு நம்பர் பெரிசாவே குடுங்க" என்று எங்கள் அம்மாமார் ஒன்பதாம் வகுப்பிலும் சொல்லி வருகிறார்கள். அன்பும் சிக்கனமும்தான் காரணம்; ஷூ விற்கும் விலை அப்படி. ஆயினும் நம்பர் கூடினால் நீளத்தோடு அகலமும் கூடிவிடுகிறதே! அக்காளின் ஷூவைத் தங்கைக்குத் தருவதும் அப்படியே. அது அக்காளின் காலுக்குப் பழகிப் போன ஷூ. பரதன் அண்ணனுடைய பாதுகையைத் தலையில்தான் தாங்கினான், காலில் போட்டுப் பார்க்கவில்லை. விவரம் தெரிந்தவன்.

இதெல்லாம் ஒரு துன்பமா என்று சிலர் கேட்கலாம். நம் கே.கே. நகரிலேயே உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குச் செயற்கைக் காலும் காலிப்பரும் வேண்டி வருவோரைப் பார்த்தவர்கள், கொப்புளத்தைப் பற்றிப் பேசவே கூசுவார்கள். நாங்களும் கூசினோம். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தோம். தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் மேல் புண் வருவதற்கு அவர்களுக்கு வலி தெரியாமையே பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டியவர் அவர். வலி தெரியாதவர் பொருந்தாத செருப்போடு நாளெல்லாம் நடந்துவிடுகிறார். எங்களுக்கோ வலி தெரிகிறது, வாய்விட்டுச் சொல்லவும் முடிகிறது. அப்படிச் சொல்லும்போது, "எல்லாரும் போடவில்லையா, பொறுத்துக்கொள்" என்று அடக்குவது நியாயமா?

எங்களுக்கு முதலில் வழி காட்டியவர், கடைத்தெரு ஓரத்தில் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் தாத்தா. "பஞ்சை முன்னாலே வெக்காதே, பாப்பா. காலை மேலேர்ந்து அமுக்கிப் பிடிக்கணும், அப்பத்தான் குதிகால் பின்னாலே ஒக்காரும்" என்றார். வாரில் இரண்டு துளை கூடுதலாகக் குத்தி, மேல்தோலின் உட்புறம் மெல்லிய கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது. உள்ளே தட்டையாக இன்னோர் அட்டை போட்டதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வாங்கும்போது மாலையில் போவது நல்லது. நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பள்ளிக் காலுறையோடு, எழுந்து நின்று, இரண்டு காலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் கட்டை விரலகலம் இடம் இருக்கட்டும். உள்அட்டையைக் கழற்ற முடிந்தால் அதைத் தரையில் போட்டு அதன் மேல் நின்று பாருங்கள். பாதத்தின் இருபுறமும் அட்டை நிறையத் தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கானதன்று, எவ்வளவு பளபளத்தாலும் சரி.

ஆனால் வார் எத்தனை துளை பெற்றாலும் ஓரிடத்தில்தான் பிடிக்கும். லேஸ் கட்டும் ஷூவோ விரலடியிலிருந்து கணுக்கால் வரை படிப்படியாக இறுக்கிக்கொள்ள இடம் தரும். எங்கள் பள்ளி விதிப்படி பெண்களுக்கு வார் ஷூ மட்டுமே. ஆகவே நால்வரும் எங்கள் பாதங்களைக் காகிதத்தில் வரைந்து, வார் ஷூவின் அடியையும் அதன் மேலேயே வரைந்து, லேஸ் ஷூவுக்கு அனுமதி கோரும் விண்ணப்பத்தோடு தலைமை சிஸ்டரிடம் கொடுத்தோம். பாதத்துக்கும் ஷூவுக்கும் இடையே இருந்த வெள்ளை இடத்தை அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "கறுப்பு நிறமாயிருந்தால் போதாதா என்று யோசிக்கிறேன். இந்தக் காகிதம் என்னிடமே இருக்கட்டும்" என்றார். இதை எழுதும் இன்று வரை அது அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.