பினாங்கில் புறப்பட்ட நீர்மூழ்கி

இந்த வாரம் மகிழ்ச்சியோடு தொடங்குகிறேன். பள்ளி விடுமுறைக்குப் பீடோங் வந்த பேரன், கைப்பேசியை மூலையில் போட்டுவிட்டு இரண்டு நாளாக அஞ்சடியில் உட்கார்ந்து ஒரு படக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பெயர் 'அசாசின்ஸ் கிரீட்'. 2007-இல் வீடியோ விளையாட்டாக வந்து, பிறகு படக்கதையாகவும் வளர்ந்தது. அவன் முடித்ததும் நானும் வாங்கிப் படித்தேன்.

இதில் காலத்தைக் கடக்க விண்கலம் எதுவும் வேண்டாம். 'அனிமஸ்' என்ற இயந்திரம் போதும். ரத்தத்தில் உறைந்து கிடக்கும் முன்னோரின் நினைவை அது எழுப்பிவிடும். முப்பாட்டன் பார்த்ததை நாம் அவன் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வழியாகக் கதை இரண்டாம் உலகப் போருக்குள் நுழைகிறது. கொலையாளிகளும் உளவாளிகளும் ஐரோப்பாவில் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். ஓவியம் அருமை.

ஆனாலும் மாயாவிக்கு ஈடாகுமா? இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் இரும்புக்கை மாயாவிப் பித்து தெரியும். இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் 1962-இல் பிறந்தவன். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழ் பேச வந்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஹெசுஸ் பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்த விதத்தை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்த என் முதல் மாயாவிக்கு அட்டை கிழிந்தபோது, மங்கில் மிஞ்சியிருந்த கித்தாப் பாலைத் தடவி ஒட்டினேன். பால் காய்ந்து பழுப்புக் கோடாகிவிட்டது. ஒட்டு இன்றுவரை விடவில்லை. அந்தப் புத்தகத்தைப் பேரனிடம் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"ஏன் தாத்தா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணுமே நடக்கலையா?"

அதிலிருந்து மனம் ஆறவில்லை. கோபம் பிள்ளை மேல் இல்லை. சொல்லாமல் விட்ட நம் மேல்தான்.

நடக்கவில்லையா? 1941 டிசம்பர் 8 அன்று, பக்கத்திலிருக்கும் சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அலோர்ஸ்டார் தளத்திலும் விழுந்தது. அங்கே பணியிலிருந்த கேப்டன் பேட்ரிக் ஹீனன், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சீருடையோடு ஜப்பானுக்கு உளவு சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டே நாளில் கைதானான். சிங்கப்பூரில் ராணுவ நீதிமன்றம் அவனை விசாரித்தது. அதே டிசம்பரில் அதே அலோர்ஸ்டாரில், ஜப்பானிய உளவுத்துறையின் மேஜர் ஃபுஜிவாரா, சரணடைந்த கேப்டன் மோகன் சிங்கோடு உட்கார்ந்து பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை அந்தப் பேச்சில்தான் விழுந்தது. இதெல்லாம் நம் கெடாவில் நடந்தது.

தெற்கே பினாங்குக்குப் போனால் கதை இன்னும் கனக்கிறது. 1942-இல் அங்கே இந்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையம் நடந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன். இந்தியாவுக்குள் ரகசியமாக நுழைந்து வேலை செய்ய இளைஞர்களைத் தயார் செய்தார்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூரில் வக்கம் என்ற கடலோர ஊர்க்காரர். 1938-இல் பிழைப்புக்காக மலாயா வந்தவர். நம் தாத்தாக்கள் வந்ததும் அதற்குத்தானே?

1942 செப்டம்பரில் காதரும் தோழர்களும் பினாங்கில் ஜப்பானிய நீர்மூழ்கியில் ஏறினார்கள். மலபாரின் தானூர் கரையில் இறங்கினார்கள். இறங்கிய சூட்டிலேயே பிடிபட்டார்கள். வேறொரு குழு குஜராத் கரைக்குப் போனது, இன்னும் சிலர் பர்மா வழியாக நடந்தார்கள். அவர்களும் சிக்கினார்கள். சென்னையில் வழக்கு நடந்தது. ஐவருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. ஒருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன் காதர் தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது 26. 1998-இல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ராகவன் செய்ததையும் சொல்லவேண்டும். நிலையத்து மாணவர்கள் சிலரை ஜப்பானியர் அவருக்குத் தெரியாமலேயே இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் நிலையத்தையே மூடினார். ஜப்பானியப் பட்டாளம் ஊரை ஆண்ட நாளில், அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர் அவர். வீட்டுக்காவல்தான் கிடைத்தது. படக்கதைக்கு இதைவிட நல்ல பக்கம் எது? இருட்டுக் கடல், நீர்மூழ்கியின் மூடி, கரையில் பூட்டிக் கிடக்கும் பயிற்சி நிலையம். நாலு கட்டத்தில் வரைந்துவிடலாம்.

யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதே போர்க்காலத்துச் சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது?

அனிமஸ் இயந்திரம் நம் லயத்து வீடுகளிலும் இருந்தது. என் அம்மா மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் 'ஜப்பான்காரன் காலம்' என்று தொடங்குவார். அரிசி காணாமல் கிழங்கைத் தின்றே கிடந்த மாதங்களைச் சொல்வார். பக்கத்து லயத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை வரிசையாகச் சொல்வார். நான் கேட்டேன், எழுதி வைக்கவில்லை. அந்த வரிசையில் எனக்கு இன்று இரண்டு பெயர்தான் மிச்சம்.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால், அவருடைய பெற்றோர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னதை இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதுங்கள். படம் வரையும் பிள்ளை இருந்தால் அந்தத் தாளை அவனிடம் கொடுங்கள். செப்டம்பர் 10 வரும்போது, சென்னையில் தூக்கிலேறிய நான்கு பெயரையும் வீட்டில் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்: வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங்.