படத்தில் தையல் மெஷின் எங்கே?

அக்கா மகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். சாம்பல் நிற சோபா, பிரம்பு நாற்காலி, தேக்கு நிறத்தில் சின்ன மேசை, வட்டக் கண்ணாடி, மூலையில் பெரிய இலைகளோடு ஒரு செடி. எல்லாம் வெள்ளைப் பின்னணியில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"எங்க புது வீட்டு ஹால், சித்தி. எப்படி இருக்கு?"

பிடிஓ வீட்டின் சாவி கைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவளும் அவள் கணவரும் வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து செய்த படம் அது. பார்த்ததும் எனக்கும் அந்த ஹாலில் உட்கார்ந்து காப்பி குடிக்க ஆசை வந்துவிட்டது.

அக்காவும் எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார். நான் கிளம்பும்போது மின்தூக்கி வரை கூடவே வந்தவர், மெதுவாகக் கேட்டார்: "அந்தப் படத்துல என் தையல் மெஷின் எங்கேயும் இல்லையே, கவனிச்சியா?"

அக்காவும் அந்த வீட்டுக்குத்தான் குடிபோகிறார். மாமா காலமான பிறகு, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து மகளைப் படிக்கவைத்த மெஷின் அது. அவர் கேட்டது மெஷினைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது.

இந்த வாரம் இப்படிப்பட்ட படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'கொலாஜ்' என்கிறோம். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுதல்' என்று பொருள் தரும் சொல் அது. 1912ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிடப்பட்ட ஒரு துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அன்று கத்தரியும் பசையும் செய்த வேலையை இன்று விரல் நுனியே செய்துவிடுகிறது. புது வீட்டுக்கும் தீபாவளி உடைக்கும் பலரும் முதலில் செய்வது இதைத்தான்.

கடையில் தொடங்கினால் வரும் சிக்கல்

இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியதில் 'பாலிவோர்' என்ற அமெரிக்க இணையத்தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தன் வீட்டைப் புதுப்பிக்கும்போது அறைகலன் படங்களைச் சேர்த்துப் பார்க்க எளிய வழி தேடிய பொறியாளர் பாஷா சத்ரி, 2007ல் அதைத் தொடங்கினார். சட்டை, காலணி, விளக்கு, மேசை என்று இணையக் கடைகளில் உள்ள பொருள்களின் படங்களை இழுத்துவந்து ஒரே பக்கத்தில் அடுக்கலாம். அதை விரும்பிப் பயன்படுத்திய ஜெஸ் லீ என்ற பெண், குறைகளையும் யோசனைகளையும் எழுதி அனுப்பி, பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, தலைமை நிர்வாகியாகவும் உயர்ந்தார்.

அங்கே செய்யப்பட்ட அடுக்குகள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவற்றில் இருந்தவை பெரும்பாலும் கடையில் விற்கும் பொருள்கள். நம் அலமாரியில் உள்ள பட்டுப்புடவைக்கோ, பாட்டி விட்டுச்சென்ற குத்துவிளக்குக்கோ கடைப்படம் கிடையாது. படம் இல்லாத பொருள் கொலாஜில் வராது. கொலாஜில் வராத பொருளுக்கு, வீட்டிலும் நாம் இடம் யோசிப்பதில்லை. அக்கா மகள் தன் அம்மாவை மறக்கவில்லை. கடையில் தொடங்கினாள், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கொலாஜில் முதலில் ஒட்ட வேண்டியது, ஏற்கெனவே உங்களிடம் உள்ள, விட்டுவிட முடியாத பொருளை. புதிதாக வாங்குவது எதுவானாலும் அதற்குப் பொருந்தி வரட்டும்.

செய்வது எப்படி?

வீட்டில் எல்லாரும் ஆளுக்கு இரண்டு பொருள் சொல்லுங்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலியாக இருக்கலாம், பிள்ளையின் கீபோர்டாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்து, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைகூட வெண்ணெய் நிறத்தில் தெரியும்.

பின்னணியை நீக்குவது இப்போது சிரமமே இல்லை. 2022ல் வந்த ஐஓஎஸ் 16 முதல், பெரும்பாலான ஐபோன்களில் படத்தில் உள்ள பொருளை விரலால் அழுத்திப் பிடித்தாலே அது தனியே பிரிந்து வந்துவிடும். பிறகு கேன்வா போன்ற செயலியில் அடுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. கொலாஜ் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். படத்தில் சோபாவை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், ஹாலில் சுருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒரு படத்தை நம்பி ஏழு அடி சோபா வாங்கினேன். அது வந்து இறங்கியபிறகு படுக்கையறைக் கதவு பாதிதான் திறந்தது. ஒரு வருடம் நாங்கள் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தோம்.

அன்று கற்றுக்கொண்ட வழி இது. நிஜத்தில் 1 மீட்டர் என்றால் படத்தில் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அறையின் தரையை அந்தக் கணக்கில் வரையுங்கள். 152க்கு 190 சென்டிமீட்டர் உள்ள 'குவீன்' கட்டில், படத்தில் 7.6க்கு 9.5 சென்டிமீட்டர் கட்டமாக வரும். பொருள்களுக்கு இடையே ஆள் நடக்க 75 சென்டிமீட்டராவது வேண்டும், அதாவது படத்தில் 3.75. கதவு திறக்கும் வளைவையும் வரைந்துவிடுங்கள். இந்தத் தரைப்படத்தையும் அழகான அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகே கடைக்குப் போங்கள்.

புடவைக்கும் இதே கணக்குத்தான்

தீபாவளிக்கு அம்மாவின் பழைய பட்டை உடுத்த நினைக்கும் பெண்களுக்கும் இது உதவும். புடவையை மடித்து, உடல், கரை, முந்தானை மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். அதைப் பெரிதாக நடுவில் வையுங்கள். ரவிக்கைத் துணி, வளையல், காதணி, காலணி எல்லாம் அதைச் சுற்றிச் சிறியதாக வரட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தால் கண் ஏமாந்துவிடும். ஐந்தரை மீட்டர் புடவையின் நிறமும், கைக்குள் அடங்கும் பையின் நிறமும் உடலில் ஒரே எடையில் தெரியாது அல்லவா?

ரவிக்கை நிறத்தைத் திரையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறம் இரண்டு கைப்பேசிகளில் இரண்டு விதமாகத் தெரியும். கொலாஜில் இரண்டு, மூன்று நிறங்களாகக் குறைத்துக்கொண்டு, புடவையைக் கையோடு தேக்காவுக்கு எடுத்துச் சென்று, துணியைக் கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்

பாலிவோரின் கதை முடிந்த விதமும் நினைவில் இருக்கட்டும். 2015ல் யாஹூ அதை வாங்கியது. 2018 ஏப்ரலில் கனடாவைச் சேர்ந்த ஓர் ஆடை விற்பனை நிறுவனத்தின் கைக்கு மாறியதும், தளம் உடனே மூடப்பட்டது. பல ஆண்டுகள் சேர்த்த படைப்புகளை இறக்கிக்கொள்ளப் பயனர்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். நீங்கள் எந்தச் செயலியில் செய்தாலும், முடித்த படத்தைக் கைப்பேசியிலும் கணினியிலும் சேமித்துவையுங்கள். வீட்டைப் புதுப்பிக்க வரும் குத்தகையாளரிடம் காட்ட, ஒரு தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளிடம் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உங்க அம்மா மெஷினை அளந்து எனக்கு அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு எண்கள் வந்தன: மூடிய நிலையில் நீளம் 88, அகலம் 44 சென்டிமீட்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் படத்தைக் காட்டினாள். மூன்று பேர் உட்காரும் சோபா இரண்டு பேர் சோபாவாக மாறியிருந்தது. வட்டக் கண்ணாடி காணாமல்போய், அந்தச் சுவரில் சாமி மாடம் வந்திருந்தது. சன்னலோரம், செடி இருந்த இடத்தில், தையல் மெஷின். செடி அதன் மூடிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"செடியை மேல வைக்காதே, தண்ணி ஊத்தினா மரம் ஊறிடும்" என்றார். "கீழ வை. எனக்குத் தைக்கவும் இடம் வேணும்ல."